விடிகாலைக் குளிரை நம்பி 4,000 டாலர் போடலாமா?

கேள்வி: சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் இருக்கிறேன், ஐ.டி. வேலை. நடக்கப்போவதை ஊகித்துப் பணம் கட்டும் கல்ஷி தளத்தில் 'சிகாகோவில் இன்றைய குறைந்தபட்ச வெப்பநிலை' சந்தையில் இரண்டு மாதமாக விளையாடுகிறேன். போட்டது 200 டாலர், இப்போது 310. காலையில் எழுந்ததும் வெப்பநிலையைப் பார்ப்பேன். 90 சென்ட்டுக்கு வந்திருக்கும் கட்டத்தை (27-28 டிகிரி மாதிரி ஒரு வரம்பை) வாங்குவேன், அவ்வளவுதான். அவசரத்துக்கு வைத்திருக்கும் 8,000 டாலரில் பாதியை இதில் போடலாமா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: போடாதீர்கள்.

கட்டத்தில் நீங்கள் வாங்கும் ஒவ்வொன்றும் ஒரு ஒப்பந்தம். ஜெயித்தால் ஒப்பந்தத்துக்கு 1 டாலர், தோற்றால் பூஜ்யம். 90 சென்ட்டுக்கு 100 ஒப்பந்தம் வாங்கினால் 90 டாலரை வைத்து 10 டாலர் எடுக்கிறீர்கள். அதிலும் கட்டணம் 63 சென்ட் அளவுக்குப் போகும். ஒரே ஒரு நாள் தவறினால் ஒன்பது நாள் சம்பாத்தியம் அத்தனையும் காலி.

அந்த நாள் எப்படி வரும் என்று சொல்கிறேன். ஜனவரியில் ஒரு காலை எட்டு மணி, 28 டிகிரி ஃபாரன்ஹீட். விடிந்துவிட்டது, இனி ஏறத்தான் செய்யும் என்று 27-28 கட்டத்தை வாங்குகிறீர்கள். இரவு ஒன்பது மணிக்கு வடமேற்கிலிருந்து குளிர்காற்று இறங்குகிறது, 11.50-க்கு 21 டிகிரி. கணக்கில் ஏறுவது அந்த 21. தளம் முடிவுக்கு எடுத்துக்கொள்வது அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் அளவை, அவர்களின் நாள் நள்ளிரவில்தான் முடிகிறது. கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளினாலும் அவர்கள் பழைய நேரத்திலேயே இருப்பதால், இரவு ஒரு மணி வரை ஓடும். 90 சென்ட் என்றால் மீதி 10 சென்ட்டுக்கு யாரோ காரணம் வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

இன்னொன்று, அளவு எடுப்பது மிட்வே விமான நிலையத்தில். உங்கள் வீட்டு வாசல் குளிரும், மிச்சிகன் ஏரிக்கரைக் குளிரும் அங்கே செல்லாது. நீங்கள் திரையில் பார்க்கும் ஐந்து நிமிட அளவும் செல்சியஸில் முழு எண்ணாகி, திரும்ப ஃபாரன்ஹீட்டாக வருவது. 27 என்று நிற்பது கருவியில் 26 ஆக இருந்திருக்கலாம். ஒரு டிகிரியில் கட்டமே மாறிவிடும்! இதையெல்லாம் நிரல் எழுதி நொடிக்கு நொடி பார்க்கிறவர்கள்தான் உங்களுக்கு எதிரே உட்கார்ந்து விற்கிறார்கள்.

2019 ஜனவரி 30 அன்று சிகாகோவில் மைனஸ் 23 ஃபாரன்ஹீட். அப்படி ஒரு காலையில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுபோனால் ஆள் வரவழைக்கத்தான் அந்த 8,000. அதை வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் விட்டுவிடுங்கள், தொடவே தொடாதீர்கள். வந்த 110 டாலரை வெளியே எடுங்கள். பழைய 200-ஐ வைத்து, சினிமா டிக்கெட் செலவு மாதிரி நினைத்து ஆசை தீர விளையாடுங்கள். தீர்ந்தால் புதிதாகப் போட வேண்டாம்.

மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கையில் 310 இருக்கும்போது சொல்வது சுலபம்.