பைக்குள் லேசு, விரலுக்குக் கனம்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை: பேண்ட் பாக்கெட்டில் அடங்குகிற, எடை குறைந்த சின்ன ரிவால்வர். கேட்டவர்கள் எல்லோரிடமும் உரிமமும், மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதியும் இருப்பதாக வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். இல்லாதவர்கள் முதலில் போகவேண்டிய இடம் துப்பாக்கிக் கடை அல்ல.

கேள்வி: எட்டு தோட்டா கொள்ளும் .22 (குண்டின் விட்டம், அங்குலக் கணக்கில்) ரிவால்வர் ஒன்றைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்தேன். சுமார் 420 கிராம். பாக்கெட்டில் போட்டால் இருப்பதே தெரியவில்லை. அதே மாடலைச் சுட்டுப் பழகும் ரேஞ்சில் ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்குத் தருகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: கடையில் நீங்கள் பார்த்தது எடையை. ரேஞ்சில் பார்க்கவேண்டியது விசையை, அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் டிரிகரை.

.22 தோட்டா ரிம்ஃபயர் வகை, அதில் தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் விளிம்புக்குள் இருக்கிறது. அந்த விளிம்பை நசுக்கி வெடிக்க வைக்க ஊசி பலமாக அடிக்க வேண்டும். பலமாக அடிக்க ஸ்பிரிங் கடினமாக இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் விசையை முழுதாக இழுத்துச் சுடும் இந்த வகை .22 ரிவால்வர்களில் விசையை இழுக்க ஐந்து கிலோ அளவுக்கு பலம் தேவைப்படுவது சாதாரணம். கணக்குப் போடுங்கள்: 420 கிராம் பொருளைப் பிடித்துக்கொண்டு, அதன் எடையைப் போல் பன்னிரண்டு மடங்கு பலத்தோடு விசையை இழுக்கிறீர்கள். துப்பாக்கி அசையாமல் இருந்தால்தான் அதிசயம். ஒரு கிலோ எடையுள்ள பெரிய ரிவால்வரில் இதே பலம் இவ்வளவு தொல்லை தராது, அதன் கனமே அதைப் பிடித்து நிறுத்திவிடும்.

அடுத்தது, குறிபார்க்கக் குழலின் மேலுள்ள முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள இடைவெளி. இவ்வளவு சின்ன துப்பாக்கியில் அது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்தான். முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் 7 மீட்டரில் குண்டு 7 சென்டிமீட்டர் தள்ளி விழும். 25 மீட்டரில் கால் மீட்டர். ஆகவே முதல் பத்து தோட்டாவில் அட்டை முழுக்க ஓட்டை சிதறிக் கிடந்தால் துப்பாக்கியைத் திட்டாதீர்கள். பலகையில் முட்டுக்கொடுத்து, நிதானமாக ஐந்து சுட்டுப் பாருங்கள். அப்போது ஓட்டைகள் நெருங்கி வந்தால் துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கிறது, பழகவேண்டியது நீங்கள். அப்போதும் சிதறினால் வேறு தோட்டா போட்டுப் பாருங்கள். .22 துப்பாக்கிகளுக்கு இந்த விஷயத்தில் விருப்பு வெறுப்பு உண்டு, ஒரு கம்பெனித் தோட்டாவை நெருக்கமாகப் போடும் துப்பாக்கி இன்னொரு கம்பெனியுடையதைச் சிதறடிக்கும்.

நான் சோதிக்கும் முறை இது. தூரம் 5 மீட்டரில் ஆரம்பம், பிறகு 7, கடைசியில் ஆசைக்கு 15. ஒவ்வொரு தூரத்திலும் ஐந்தைந்தாக மூன்று தடவை சுட்டு, மிகவும் விலகிய இரண்டு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து குறித்துக்கொள்வேன். மூன்றில் சிறந்ததை மட்டும் போட்டோ எடுத்துக் காட்டுவது மனித இயல்பு, ஆனால் வாங்குவதற்குப் பயன்படுவது மூன்றின் சராசரிதான். 7 மீட்டரில், நின்றபடி, இரண்டு கையாலும் பிடித்து, ஐந்தும் உள்ளங்கை அளவுக்குள் விழுந்தால் இந்த அளவுத் துப்பாக்கிக்கு அது தாராளம்.

இதைவிட முக்கியமான கணக்கு, எத்தனை தோட்டா வெடிக்கவில்லை என்பது. பாக்கெட்டில் எந்தத் தோட்டாவை வைத்திருக்கப் போகிறீர்களோ அதே தோட்டாவால் எண்ண வேண்டும். 200 சுட்டு ஒன்றுகூடத் தவறாவிட்டால், உண்மையான தவறு விகிதம் நூற்றுக்கு ஒன்றரைக்குக் கீழே என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம் (மூன்றை, சுட்ட எண்ணிக்கையால் வகுத்தால் வருவது). 20 சுட்டுவிட்டு ‘ஒரு பிரச்சினையும் இல்லை’ என்பவர் அதே கணக்கில், தவறு 15 சதவீதத்துக்குக் கீழே என்று மட்டும்தான் உறுதி தருகிறார். அதனால் ஒரு மணி நேர வாடகை உங்கள் விரலைச் சோதிக்கப் போதும், துப்பாக்கியைச் சோதிக்கப் போதாது. வாங்கியபின் உங்கள் துப்பாக்கியிலேயே அந்த 200-ஐச் சுட்டு முடிக்கும்வரை அதை நம்பிப் பாக்கெட்டில் வைக்காதீர்கள்.

கேள்வி: ஒரே எடையில் .22, .32, .38 மூன்றும் கிடைக்கின்றன. பெரியதாகவே வாங்கிவிடலாமே?

பதில்: உதை தாங்குமா என்று பாருங்கள். குண்டு முன்னால் போகும் உந்தம்தான் உதையாகப் பின்னால் வருகிறது. துப்பாக்கி எடை பாதியானால் கைக்கு வரும் உதையின் ஆற்றல் இரட்டிப்பாகும். 420 கிராம் துப்பாக்கியில் சாதாரண .38 தோட்டாவின் உதை, அதே எடை .22-ஐப் போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு என்று என் கணக்கு வருகிறது. முதல் ஐந்து சுவாரசியம், அடுத்த ஐந்து வலி, அதற்கடுத்த ஐந்தைப் பலர் சுடுவதே இல்லை. பிறகு துப்பாக்கி அலமாரிக்குப் போய்விடும்.

பலரும் யோசிக்காத வழி .32. இது சென்டர்ஃபயர், தீப்பற்றும் கேப் நடுவில் இருக்கிறது, ஆகவே வெடிக்காமல் போவது ரிம்ஃபயரைவிட நன்றாகக் குறையும். .38 ஐந்து கொள்ளும் சின்ன சிலிண்டரில் (தோட்டாக்களை வைக்கும் சுழலும் உருளை) .32 ஆறு கொள்ளும். ரூகர் கம்பெனியின் எல்.சி.ஆர். சின்ன ரிவால்வர் வரிசையிலேயே இதைப் பார்க்கலாம்: .22 எட்டு, .327 (.32 குடும்பத்தின் பலமான தோட்டா) ஆறு, .38 ஐந்து. அந்த .327 மேக்னம் அறையில் (சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளை) .32 எச் அண்ட் ஆர் மேக்னமும், அதைவிடச் சாதுவான .32 லாங்கும் போட்டுச் சுடலாம். லாங் தோட்டாவின் உதை .22-ஐப் போல் மூன்று மடங்கு இருக்கலாம், .38-க்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. தோட்டா கிடைப்பதுதான் சிரமம். .22 எங்கும் மலிவு, .32-க்கு அலைய வேண்டும். அலையத் தயார் என்றால் என் ஓட்டு .32-க்கு.

கேள்வி: தோட்டா டப்பாவில் நொடிக்கு 1,200 அடி வேகம் என்று போட்டிருக்கிறது. ரேஞ்சில் ஒருவர் தன் வேகமானியில் அளந்தபோது 900 சொச்சம்தான் வந்தது. டப்பாவில் இருப்பது பொய்யா?

பதில்: பொய் இல்லை. அந்த எண் பெரும்பாலும் ரைஃபிள் நீளக் குழலில் அளந்தது. உங்கள் குழல் இரண்டு அங்குலம்கூட இல்லை, மருந்து எரிந்து தள்ளி முடிப்பதற்குள் குண்டு வெளியே வந்துவிடுகிறது. .22 மேக்னத்தில் (நீளமான, பலமான .22 தோட்டா) இந்த இழப்பு இன்னும் மோசம், ரைஃபிளில் வரும் வேகத்தில் பாதியை நெருங்கும் அளவுக்குப் போய்விடும். எரியாத மிச்சம் குழல் வாயில் தீப்பந்தமாகவும் காதைப் பிளக்கும் சத்தமாகவும் மாறும். குட்டைக் குழலுக்கென்றே தயாரிக்கும் மேக்னம் தோட்டாக்கள் உண்டு, மேக்னம்தான் வேண்டுமென்றால் அவற்றைப் பாருங்கள்.

காது விஷயம் வந்ததால் சொல்லிவிடுகிறேன். ‘.22 தானே’ என்று வெறும் காதோடு நிற்காதீர்கள். குட்டைக் குழல் .22-இன் வெடிச்சத்தமும் 140 டெசிபலைத் தாண்டக்கூடியது. மூடிய ரேஞ்சில் நான் காதுக்குள் அடைப்பானும் வைத்து அதன்மேல் காதுமூடியும் போடுவேன். கண்ணாடியும் கட்டாயம்: சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடுக்கிலிருந்து ஈயத் துணுக்கும் சூடான வாயுவும் பக்கவாட்டில் தெறிக்கும். பிஸ்டல் பழகியவர்கள் கட்டைவிரலை முன்னால் நீட்டிப் பிடிப்பார்கள், சின்ன ரிவால்வரில் அந்த விரல் நேராக இந்த இடுக்குக்குப் பக்கத்தில் போய் நிற்கும். விரலை மடக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: விசையை இழுத்தேன், ‘டிக்’ என்றது, வெடிக்கவில்லை. என்ன செய்ய வேண்டும்?

பதில்: ரேஞ்சில் என்றால் குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு குறைந்தது 30 நொடி அசையாமல் நில்லுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. பிறகு திறந்து அந்தத் தோட்டாவின் விளிம்பைப் பாருங்கள். ஊசித் தடம் ஆழமாக இருந்தால் தோட்டா மோசம். தடம் மெலிதாக இருந்தால் ஸ்பிரிங்கோ, ஊசியோ, அழுக்கோ. ‘டப்’ என்று சத்தம் மெலிந்து வெடித்தால் அது வேறு விஷயம், குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். தோட்டாக்களை எல்லாம் இறக்கிவிட்டுக் குழலைப் பார்க்காமல் அடுத்ததைச் சுடவே கூடாது.

கேள்வி: எழுபது, எண்பது சுட்டபின் புதுத் தோட்டா அறைக்குள் முழுதாக இறங்கவில்லை, காலி ஓடுகளும் ஒட்டிக்கொள்கின்றன. துப்பாக்கி பழுதா?

பதில்: பெரும்பாலும் அழுக்கு. .22 தோட்டாவில் ஈயமும் மெழுகும் மருந்துக் கரியும் சேர்ந்து அறையை இறுக்கிவிடும். என்னிடமிருந்த ஒன்று அறுபதிலேயே முரண்டுபிடிக்கும். ஐம்பதுக்கு ஒரு முறை அறைகளில் பிரஷ் விடுங்கள். சில மாடல்களில் சிலிண்டரே அலுமினியம், அவற்றில் நைலான் பிரஷ் போதும், உரசும் பசை எதுவும் வேண்டாம்.

காலி ஓடுகளைத் தள்ளும் கம்பி இந்த அளவில் குட்டை, ஓடுகளை முழுதாக வெளியே தள்ளாது. குழலை வானம் பார்க்க நிமிர்த்தி, கம்பியைத் தயங்காமல் ஒரே அடியாக அடியுங்கள். மெதுவாகத் தள்ளினால் ஓர் ஓடு, கம்பி முனையில் ஓடுகளைத் தூக்கும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் நழுவி மாட்டிக்கொள்ளும், அதை எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். அந்தத் தகட்டுக்கு அடியில் எரியாத மருந்துத் துகள் நாலைந்து சேர்ந்தாலே சிலிண்டர் சுற்ற மறுக்கும். ஒரு பழைய பல்துலக்கி பையில் இருக்கட்டும்.

கேள்வி: பழைய .22 ரிவால்வர் ஒன்று விலைக்கு வருகிறது. விசை வெண்ணெய் மாதிரி இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்த வெண்ணெய்தான் எனக்குச் சந்தேகம். யாரோ ஸ்பிரிங்கை வெட்டியிருப்பார்கள் அல்லது மெலிதாக மாற்றியிருப்பார்கள். சென்டர்ஃபயரில் அது ஓரளவு தாங்கும், ரிம்ஃபயரில் பத்துக்கு ஒன்று வெடிக்காது. விற்பவரிடம் பழைய ஸ்பிரிங் இருக்கிறதா என்று கேளுங்கள், முகம் சொல்லிவிடும். நானே ஒரு தடவை இப்படி ஏமாந்து, வித்தவரை விட்டுவிட்டு தோட்டாக் கம்பெனியைக் குறைசொல்லிக்கொண்டு இரண்டு மாதம் திரிந்தேன்.

சரி, மற்றபடி: காலி என்று இரண்டு முறை உறுதிசெய்துவிட்டு, அறை விளிம்புகளை விளக்கு வைத்துப் பாருங்கள். ஊசி அடித்த பள்ளம் இருந்தால், தோட்டா இல்லாமல் நிறைய விசை இழுத்திருக்கிறார்கள். சில மாடல்கள் அதைத் தாங்கும், சில தாங்காது, கையேட்டில் எழுதியிருக்கும். பிறகு விசையை மெதுவாக இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டு சிலிண்டரை அசைத்துப் பாருங்கள். லேசான ஆட்டம் சகஜம், கடகடவென்று ஆடினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: உறை இல்லாமல் அப்படியே பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. விசையை முழுக்க மூடும் பாக்கெட் உறை வேண்டும், அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் கூடாது. பஞ்சும் வியர்வையும் வாரக்கணக்கில் உள்ளே போகும், வாரம் ஒரு முறை துடையுங்கள். எண்ணெயை ஒரு சொட்டோடு நிறுத்துங்கள், அறைக்குள் ஊறிய எண்ணெய் தோட்டாவையே செத்துப்போக வைக்கும். அப்புறம், வீட்டுக்கு வந்து பேண்ட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டும்போது துப்பாக்கியும் சேர்ந்து தொங்கக் கூடாது. பேண்ட்டுக்கு முன்னால் அது பூட்டுப் பெட்டிக்குப் போக வேண்டும்.

கேள்வி: சின்னதுதான் எனக்கு எளிது என்று என் கணவர் ஒரு .22 ரிவால்வர் வாங்கி வந்தார். விசையை ஒரு விரலால் முழுதாக இழுக்க முடியவில்லை, பாதியில் கை நடுங்குகிறது. பழகினால் சரியாகுமா?

பதில்: கொஞ்சம் சரியாகும். விரல் நுனியால் இழுக்காமல் முதல் கணுவின் மடிப்பால் இழுத்துப் பாருங்கள், பாதியில் நிறுத்தாமல் ஒரே சீராக. கைப்பிடியைச் சுண்டுவிரலும் பிடிக்கும் அளவுக்குப் பெரிதாக மாற்றினால் இன்னும் கொஞ்சம் எளிதாகும், பாக்கெட்டில் கொஞ்சம் துருத்தும். இரண்டு வாரம் கழித்தும் ஐந்து முறை தொடர்ந்து இழுக்க முடியவில்லை என்றால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கானது இல்லை. ஸ்பிரிங்கை இளக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், மேலே வெண்ணெய் விசைக்காரருக்குச் சொன்னதை அவரிடம் காட்டுங்கள்.

சின்ன துப்பாக்கி எளிது என்பது அதைச் சுமப்பவருக்கு மட்டும். சுடுவதற்கு எளிது, நடுத்தர எடையும் மெல்லிய விசையும் உள்ளது. இன்னும் சுடாமல் இருந்தால் பில்லோடு கடைக்கே போய் மாற்றிக் கேளுங்கள். இந்தத் தடவை முன்னால் நின்று நாலைந்து துப்பாக்கிகளின் விசையை இழுத்துப் பார்ப்பது நீங்களாக இருக்கட்டும், உங்கள் கணவர் பின்னால் நின்று பையைப் பிடித்துக்கொள்ளட்டும்.