மான் புழுக்கையில் புழு முட்டை குறைவாக இருந்தால், அந்தக் கூட்டத்தின் குடலில் ஒட்டுண்ணிகள் குறைவு என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. முட்டைக் கணக்கு அன்றைக்கு வெளியே வந்த முட்டைகளின் கணக்கு மட்டும்தான்.

மானின் நான்காம் இரைப்பையில் (அசைபோடும் விலங்கின் இரைப்பையில் நான்கு அறைகள்) இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் பெண்புழு ஒன்று நாளைக்கு 5,000 முட்டைகளுக்கு மேல் இடும். பக்கத்திலேயே இருக்கும் ஆஸ்டர்டேஜியா என்னும் புழு ஓரிரு நூறோடு நின்றுவிடும். நுண்ணோக்கியில் இரண்டின் முட்டையும் ஒன்றுபோலவே தெரியும். எனவே பத்து ஹீமாங்கஸ் இருக்கும் மான், சில நூறு ஆஸ்டர்டேஜியா இருக்கும் மானைவிட மோசமாகத் தோன்றலாம். போதாததற்கு, சூழல் சாதகமில்லாத மாதங்களில் சில புழுக்கள் வளராத இளம்பருவத்திலேயே இரைப்பைச் சுவரில் உறங்கிக் கிடக்கும். அப்போது அவை முட்டையே இடுவதில்லை.

இதனால்தான் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வெள்ளைவால் மானுக்கு முட்டையை நம்பாமல் புழுவையே எண்ணினார்கள். கோடையின் பிற்பகுதியில் ஒரே இடத்தின் 5 முதிர்ந்த மான்களைக் கொன்று, நான்காம் இரைப்பைப் புழுக்களை எண்ணிச் சராசரி காண்பார்கள். 500-க்குக் கீழ் என்றால் அந்தக் காடு இன்னும் மான்களைத் தாங்கும். 1,500-ஐத் தாண்டினால் மேய்ச்சலுக்கு மீறிய கூட்டம் என்று கொள்வார்கள். அந்த எல்லைகள் அந்த மானுக்கும் அந்தப் பகுதிக்கும் உரியவை. புள்ளிமானுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. இந்தியாவில் மானைக் கொல்வது குற்றம் என்பதால் நமக்குப் புழுக்கைதான் வழி. வண்டியில் அடிபட்டு இறந்த மானுக்கு வனத்துறை உடற்கூறாய்வு செய்தால், அந்த இரைப்பையை வீணாக்காதீர்கள்.

புழுக்கையை மான் போட்டதைப் பார்த்து எடுப்பதே சிறந்தது. மண் தொடாத மேல்பகுதியை மட்டும் எடுங்கள். இல்லாவிட்டால் மண்ணில் வாழும் உருளைப்புழுக்களை ஒட்டுண்ணி என்று எண்ணிவிடுவீர்கள். ஒரே மானின் மூன்று குவியலை மூன்று மானாகக் கணக்கிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. நம் வெயிலில் ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்துவிடும். உடனே பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து 4 டிகிரிக்குக் கொண்டுபோங்கள், உறைய விடாதீர்கள். ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் போட்டால் முட்டை எண்ணலாம், ஆனால் இளம்புழு வளர்க்க முடியாது.

எண்ண, 3 கிராம் புழுக்கையை நசுக்கி 42 மில்லி நிறைவுற்ற உப்புக் கரைசலில் கலக்குங்கள் (லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் உப்பு, அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்க வேண்டும்). வடிகட்டி, முட்டை எண்ணக் கோடிட்ட கண்ணாடித் தகடான மெக்மாஸ்டரின் அறைகள் இரண்டிலும் நிரப்பி, 5 நிமிடம் விட்டு, மேலே மிதக்கும் முட்டைகளை எண்ணுங்கள். மொத்தத்தை 50-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான முட்டைகள். தாமதித்தால் உப்புப் படிகம் கண்ணை மறைக்கும். காட்டு மானில் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவு; 50-க்குக் கீழ் இருப்பது இந்த முறையில் பூஜ்யமாகவே வரலாம். மினி-ஃப்ளோடாக் என்னும் எண்ணும் கருவி கிராமுக்கு 5 முட்டை இருந்தாலே காட்டும். மழைக்காலப் புழுக்கையில் ஈரம் அதிகம், அதனாலேயே எண்ணிக்கை இறங்கும். பருவங்களை ஒப்பிடுவதானால் உலர் எடைக்குக் கணக்கிடுங்கள்.

ஈரல் தட்டைப்புழு, ஆம்ஃபிஸ்டோம் (இரைப்பைத் தட்டைப்புழு) முட்டைகள் கனமானவை, உப்பில் மிதக்காது. அவற்றுக்குத் தண்ணீரில் கலக்கிப் படிய விடும் முறை வேண்டும். நுரையீரல் புழுவின் இளம்புழுவைப் பிடிக்க, துணியில் கட்டிய புழுக்கையை வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு தொங்கவிடும் பேயர்மன் முறை.

இனம் பிரிப்பதுதான் கடினம். புழுக்கையை 27 டிகிரியில் 7 முதல் 10 நாள் வைத்து வளர்த்தால் மூன்றாம் பருவ இளம்புழு கிடைக்கும்; அதன் வடிவை வைத்து இனம் பார்ப்பார்கள். ஆனால் கையேடுகள் ஆடு மாட்டுக்கு எழுதியவை. மானுக்கே உரிய ஸ்பிக்குலாப்டெராஜியா போன்ற புழுக்கள் அவற்றை வைத்துப் பார்த்தால் தப்பாக அடையாளப்படும். ஐடிஎஸ்-2 மரபணுப் பகுதியை வரிசைப்படுத்துவது நம்பகமானது. வளர்ந்த புழு கிடைத்தாலும் கவனம் வேண்டும்: ஒரே இனத்தின் ஆண்புழுக்கள் இரு வடிவில் இருக்கலாம். ஆஸ்டர்டேஜியா லெப்டோஸ்பிகுலாரிஸும் கோல்கிடாவும் வெவ்வேறு இனங்கள் என்றே முன்பு எழுதப்பட்டன, இரண்டும் ஒன்றுதான். பழைய பட்டியல்களோடு உங்கள் இன எண்ணிக்கையை ஒப்பிடும் முன் இத்தகைய இரட்டைப் பெயர்களை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.