ஒத்துக்கொண்டால் சீக்கிரம் வீடு

கேள்வி: கல்லெறிந்ததாகப் பிடிபடும் பாலஸ்தீனச் சிறுவர்களில் பெரும்பாலானோர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒத்துக்கொள்கிறார்களாமே? அப்படியென்றால் கைது சரிதானே?

பதில்: நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன். நாள் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

இஸ்ரேல் ராணுவத்தின் பிடியில் இருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இஸ்ரேலின் ராணுவ ஆணை 1651-ன்படி, ஓடும் வண்டிமீது கல்லெறிந்த வழக்கில் 20 ஆண்டு வரை போடலாம். நடைமுறையில் கிடைப்பது பெரும்பாலும் சில மாதங்கள்தான். ஆனால் ஜாமீன் கிடைப்பது அரிது. உள்ளே இருந்துகொண்டே வழக்காடி, நிரபராதி என்று வெளியே வருவதற்குள் தண்டனைக் காலத்தைவிடக் கூடுதல் நாள் ஓடிவிடும். எந்த வக்கீல்தான் 'சண்டை போடு' என்பார்? படைவீரரை அறைந்ததற்காக 2017 டிசம்பரில், 16 வயதில் கைதான பாலஸ்தீனப் பெண் அஹெத் தமிமி உலகத்துக்கே தெரிந்த முகம். அவரும் குற்றத்தை ஒத்துக்கொள்வதாக ஒப்பந்தம் பேசித்தான் எட்டு மாதச் சிறையோடு முடித்துக்கொண்டார்.

நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்னாலேயே பையனைக் காவலில் ஒரு முறை ஒத்துக்கொள்ள வைத்திருப்பார்கள். நடுராத்திரியில் கதவைத் தட்டி எழுப்புவார்கள். கையில் பிளாஸ்டிக் பட்டை, கண்ணில் துணிக்கட்டு. விடிந்ததும் விசாரணை. பக்கத்தில் அம்மா, அப்பா இருக்க மாட்டார்கள். வக்கீலும் பல சமயம் கிடையாது. கடைசியில் கையெழுத்துக்கு நீட்டும் தாள் பல வழக்குகளில் ஹீப்ருவில் இருக்கும். பையனுக்குத் தெரிந்தது அரபி. நான் கதை கட்டவில்லை. யுனிசெஃப் 2013-ல் வெளியிட்ட அறிக்கையே இதைச் சொல்கிறது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் சுமார் 7,000 சிறார்கள் இப்படிப் பிடிபட்டதாகவும் அது கணக்கிட்டது.

கல்லால் உயிர் போகாதா என்று கேட்பீர்கள். போயிருக்கிறது. 2011-ல் ஹெப்ரோன் அருகே காரில் போன தந்தையும் கைக்குழந்தையும் இறந்தார்கள். வழக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதிர்க் குன்றில், யூதக் குடியேற்றத்தில் இருக்கும் பையன் அதே கல்லை எறிந்தால் அவனுக்கு இஸ்ரேலின் சிவில் நீதிமன்றம். இவனுக்கு மட்டும் ராணுவச் சீருடையில் நீதிபதி. சிறார்களுக்கென்றே 2009-ல் தனி ராணுவ நீதிமன்றம் வைத்தார்கள். அதைச் சலுகை என்று எழுதியவர்களும் உண்டு, என்னத்தைச் சொல்ல!

அப்புறம், ஒத்துக்கொள்ளவே வழியில்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். நிர்வாகக் காவல் என்று பெயர். குற்றச்சாட்டு கிடையாது, சாட்சியம் ரகசியம். ஆறு மாதம் வரை போடலாம். முடியும்போது மறுபடி நீட்டலாம்.