பிரேக் ஆயில் மாற்றியபின் பெடல் இறங்குவது குறித்து

வணக்கம். வீட்டிலேயே பிரேக் ஆயில் மாற்றியபின் பெடல் மென்மையாகி ஏறத்தாழத் தரைவரை இறங்குகிறது என்றும், இரண்டு மூன்று முறை மிதித்தால் சற்று இறுகுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது சரியாகும்வரை தயவுசெய்து வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள்.

அடுத்தடுத்து மிதிக்கும்போது இறுகுவது, குழாய்களில் காற்று புகுந்திருப்பதன் வழக்கமான அடையாளம். திரவம் அழுத்தத்திற்குச் சுருங்காது, காற்று சுருங்கும் என்பதால் பெடல் நகர்வின் பெரும்பகுதி காற்றை நெருக்குவதிலேயே வீணாகிறது. உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் சக்கர வரிசையில், ஆயில் தொட்டி ஒருபோதும் வற்றாதபடி நிரப்பிக்கொண்டே, குமிழி நிற்கும்வரை மீண்டும் காற்றை வெளியேற்றுங்கள். பெடலை விடுவதற்கு முன் ப்ளீடர் திருகை (காற்றை வெளியேற்றச் சக்கரத்தருகே திறக்கும் திருகு) மூடிவிட வேண்டும். தொட்டி இடையில் வற்றியிருந்தால் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பகுதியிலும் காற்று தங்கியிருக்கலாம். அதை வெளியேற்றப் பல வண்டிகளில் ஸ்கேன் கருவி தேவைப்படும்.

அதன் பிறகும், இறுகிய பெடலைத் தொடர்ந்து அழுத்தியிருக்கையில் அது மெல்லக் கீழிறங்கினால், முதலில் வெளிக்கசிவைப் பாருங்கள். கசிவே இல்லையெனில் பெடல் விசையைத் திரவ அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் உட்புறச் சீல்களைத்தான் நான் சந்தேகிப்பேன். பழைய வண்டிகளில் பெடலைத் தரைவரை மிதித்துக் காற்றெடுக்கும்போது, வழக்கமாகச் செல்லாத துருப்பிடித்த பகுதியில் சீல்கள் உரசிக் கிழிவதுண்டு. டாட் 4 வகைப் பிரேக் ஆயில் கேட்கும் வண்டியில் சிலிக்கோன் வகையான டாட் 5 ஊற்றப்படவில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.