லேபிலும் வகுப்பறையிலும் நம் விசுவாசம்: கேள்வி பதில்

ஆராய்ச்சிக் கூடங்களிலும் கல்லூரிகளிலும் இருக்கிற கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்தை எந்த அளவுக்கு வெளிக்காட்டலாம் என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். சபையிலும் பொறுப்பில் இருக்கிறேன்.

ஆராய்ச்சி மாணவி, திருச்சி: ஆய்வேட்டின் நன்றியுரையில் முதல் வரியாகக் கர்த்தருக்கு நன்றி எழுதியிருக்கிறேன். கைடு எடுத்துவிடச் சொல்கிறார். எடுக்கணுமா ஐயா?

எடுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம், சிஸ்டர். நன்றியுரை உங்களுடைய பக்கம். நம் ஊர் ஆய்வேடுகளில் எத்தனையோ 'எல்லாம் வல்ல இறைவனுக்கு' என்றுதான் தொடங்குகின்றன. பல்கலைக்கழக விதிமுறையில் தடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கைடிடம் பணிவாகக் கேளுங்கள்.

ஆனால் அந்த நன்றி உள்ளே, முடிவுகள் பகுதிக்குள் நுழையக் கூடாது. 2016இல் 'ப்ளாஸ் ஒன்' என்ற அறிவியல் இதழில் மனிதக் கையின் அசைவுகளைப் பற்றிச் சீன ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வந்தது. கையின் அமைப்பு படைப்பாளரின் வடிவமைப்பு என்று அதில் எழுதியிருந்தார்கள். பெரிய கண்டனம் கிளம்பி, இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. ஆங்கிலத்தில் சரியான சொல் தெரியாமல் எழுதிவிட்டோம் என்று ஆசிரியர்கள் விளக்கம் சொன்னார்கள். அவர்கள் விஷயம் எப்படியோ போகட்டும், நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கையின் எலும்பையும் தசைநாணையும் பார்த்து உங்கள் உள்ளம் துதித்தால் தாராளமாகத் துதியுங்கள். நான் எடுத்த அளவீடு படைப்பாளரை நிரூபித்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

இதழ்க் கட்டுரையின் நன்றியுரை கூட்டாசிரியர்கள் எல்லார் பெயரிலும் போவது. அங்கே அவர்களைக் கேட்காமல் எழுதாதீர்கள்.

ஆராய்ச்சி மாணவர், கோயம்புத்தூர்: எங்கள் லேபில் ஆயுத பூஜைக்கு சென்ட்ரிஃபியூஜ் முதல் பிசிஆர் மெஷின் வரை சந்தனம், குங்குமம் வைப்பார்கள். இந்த வருடம் ஏற்பாடு என் பொறுப்பாம். என்ன செய்வது?

தம்பி, இதில் இரண்டு வேலை கலந்து கிடக்கிறது. லேபைக் கழுவித் துடைப்பது, கருவிகளைச் சுத்தம் செய்வது, பொரி கடலை வாங்கி வருவது, தோரணம் கட்ட ஏணி பிடிப்பது, இதையெல்லாம் மனதாரச் செய்யுங்கள். மற்றவர்களைவிட நன்றாகவே செய்யுங்கள். தீபாராதனை காட்டுவது மனசாட்சிக்கு ஒவ்வவில்லை என்றால் அதை மட்டும் முன்கூட்டியே சீனியரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். 'அண்ணா, ஏற்பாடெல்லாம் நான் பார்த்துக்கிறேன், பூஜையை மட்டும் நீங்க செய்யுங்க.' பெரும்பாலும் 'சரிப்பா' என்பதோடு முடிந்துவிடும். அன்று காலையில் சொல்லாமல் லீவு போடுவதும், எல்லார் முன்னாலும் விக்கிரகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதும்தான் ஆட்களைப் புண்படுத்தும். தானியேல் ராஜாவின் போஜனத்தை மறுத்த விதத்தை முதல் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். அவன் யாரையும் பழிக்கவில்லை. அனுமதி கேட்டான், பத்து நாள் எங்களைச் சோதித்துப் பாரும் என்றான்.

சுண்டல் சாப்பிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நம் சபைகளுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து கிடையாது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8, 10 அதிகாரங்களைப் படித்து நீங்களே முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் சொல்லுங்கள். அப்புறம், சந்தனம் மைக்ராஸ்கோப் லென்ஸில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

உதவிப் பேராசிரியர், சென்னை: என்னிடம் பிஎச்.டி. செய்யும் மாணவர்களைக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு அழைத்து, ஜெபித்து, சாட்சி சொல்லலாமா?

அழையுங்கள், பிரியாணி போடுங்கள். சாப்பாட்டுக்கு முன் சுருக்கமாக ஜெபியுங்கள், உங்கள் வீடுதானே. சாட்சி சொல்வதில்தான் எனக்குத் தயக்கம்.

அவர்களுடைய சினாப்சிஸில், அதாவது ஆய்வுச் சுருக்கத்தில், கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள். ஃபெல்லோஷிப் பணம் வருவதற்கும் உங்கள் கையெழுத்து வேண்டும். அப்படிப்பட்ட நிலையில் இருக்கிற பிள்ளை, நீங்கள் பேசும்போது தலையாட்டினால், அது விருப்பமா பயமா என்று உங்களுக்கும் தெரியாது, அந்தப் பிள்ளைக்கே தெரியாது. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதே பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தையும் எல்லாருக்கும் சமமாகத் தருகிறது, அந்த மாணவனுக்கும் சேர்த்துத்தான். முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மத போதனை கூடாது என்று 28ஆம் பிரிவு சொல்வதையும் மறக்க வேண்டாம்.

மாணவன் தானாகக் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். பட்டம் வாங்கிப் போன பிறகு நண்பராக எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் சபைப் பையன் என்பதற்காக உழைக்காதவன் பெயரைக் கட்டுரையில் சேர்க்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அதைப் பார்க்கிற மற்ற மாணவர்களிடம் அதற்குப் பிறகு எந்தச் சாட்சியும் எடுபடாது.

முதுநிலை மாணவர், நாகர்கோவில்: 'சயின்ஸ் படிச்சுட்டு சர்ச்சுக்குப் போறியா?' என்று கேலி செய்கிறார்கள். எந்த விஞ்ஞானிகளின் பெயரைச் சொல்லலாம்?

பெயர்ப் பட்டியலால் யாரும் மனம் மாற மாட்டார்கள். அவர்கள் பதிலுக்கு இன்னும் நீளமான பட்டியல் தருவார்கள். உங்கள் சொந்தப் பலத்துக்காகச் சிலரைத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்குப் பிடித்தவர் ஜார்ஜ் லெமெய்த்தர், பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு. அண்டம் விரிகிறது என்று 1927இலேயே கட்டுரை எழுதியவர். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், அந்த ஆராய்ச்சிகள் படைப்புக்குச் சான்று என்கிற விதமாகப் பேசினார். லெமெய்த்தருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பதே அவர் நிலை. தன் திருச்சபைக்கே சாதகமான பேச்சைக்கூட ஏற்காத அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பொறியாளர், தூத்துக்குடி: வேதாகமத்தில் யோசுவா காலத்தில் சூரியன் நின்றதாகச் சொல்லப்படும் நாளை நாசா கணினியில் கண்டுபிடித்ததாக எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் வந்தது. 'நீங்கதான் படிச்சவரு, உறுதிப்படுத்துங்க' என்கிறார்கள்.

அது உண்மையில்லை. நாசா அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை. பல பத்தாண்டுகளாகச் சுற்றுகிற கதை அது. குழுவில் போட்டு உடைக்காமல், அனுப்பியவருக்குப் போன் செய்து சொல்லுங்கள். வானத்தையும் நட்சத்திரங்களையும் பற்றி ஒரு கிறிஸ்தவர் தப்பும் தவறுமாகப் பேசுவதைக் கேட்கிறவன், உயிர்த்தெழுதலைப் பற்றி அவர் சொன்னால் எப்படி நம்புவான் என்று சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே திருச்சபைத் தந்தையான அகஸ்டின் கவலைப்பட்டிருக்கிறார்.

விலங்கியல் ஆசிரியை, பாளையங்கோட்டை: பரிணாமம் நடத்தும்போது 'பரீட்சைக்கு மட்டும் படிங்க, நம்பாதீங்க' என்று சொல்லிவிடுகிறேன். சரியா?

சரியில்லை, அம்மா. சான்றுகளை முழுசாக நடத்துங்கள். மனித மரபணுத் தொகுப்புத் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் காலின்ஸ் பரிணாமத்தை ஏற்கிற கிறிஸ்தவர். நீங்கள் அவரோடு உடன்படாமல் போகலாம். ஆனால் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பாடத்தைக் குறைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

ஆராய்ச்சி உதவியாளர், வேலூர்: லேபில் வளர்க்கிற செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் மீடியா (வளர்ப்புக் கரைசல்) மாற்ற வேண்டியிருக்கிறது. ஆராதனை தவறிப்போகிறது.

ஓய்வுநாளில் குழியில் விழுந்த எருதைத் தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசுவே கேட்டிருக்கிறார். அவசரம் என்றால் போய்ச் செய்யுங்கள், குற்ற உணர்வு வேண்டாம். வாராவாரம் என்றால் கூட வேலை செய்கிறவரிடம் பேசி முறை போட்டுக்கொள்ளுங்கள். பெரிய வெள்ளி அரசு விடுமுறைதான். பெரிய வியாழன் மாலை ஆராதனைக்கும் ஆள் தேவைப்படும் என்பதால் அதையும் சேர்த்து இப்போதே கேட்டு வையுங்கள். பதிலுக்கு தீபாவளி வாரம் முழுக்க அவர் முறையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அவர் ஊருக்குப் போய் வரட்டும்.