கதிர்வீச்சுக்குப் பிறகு மார்பில் பள்ளம்: சிலிக்கான் வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. இடது மார்பின் கீழ்ப்பக்கம் இருந்த புற்றுக்கட்டியை மட்டும் எடுத்து, 15 நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த இடம் குழிந்து, காம்பு கீழே இழுத்துக்கொண்டது. சிலிக்கான் பை வைத்து நிரப்ப முடியுமா?

பதில்: சிலிக்கான் இங்கே சரிப்படாது. கதிர்வீச்சு பட்ட சதை இறுகியிருக்கும், ரத்த ஓட்டமும் குறைவு. உள்ளே வைத்த பையைச் சுற்றித் தடித்த உறை உருவாகி அதை நெரிக்கும். தொற்று வரும் வாய்ப்பும் கூடும்.

பள்ளம் சிறிது, நடுத்தரம் என்றால் உங்கள் கொழுப்பே போதும். முதலில் மேமோகிராம் எடுத்து, புற்று திரும்பவில்லை என்று உறுதிசெய்வார்கள். பிறகு வயிற்றிலோ தொடையிலோ கொழுப்பை உறிஞ்சி, ரத்தத்தையும் எண்ணெயையும் பிரித்துவிட்டு, மெல்லிய குழாயால் பல ஆழங்களில் துளித்துளியாக வைப்பார்கள். காம்பை இழுக்கும் தழும்பை உள்ளேயே ஊசியால் அறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நிரப்பினாலும் பள்ளம் எழும்பாது. ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டினால் நடுவிலிருக்கும் கொழுப்பு செத்து, எண்ணெய்க்கட்டியாகவோ சுண்ணாம்புப் படிவாகவோ மாறும். பின்னாளில் ஸ்கேனில் அது வீண் பயம் கிளப்பும். வைத்ததில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கரைந்துவிடுவது சகஜம். அதனால் சில மாத இடைவெளியில் இரண்டு, மூன்று தடவை செய்ய வேண்டிவரும்.

பள்ளம் பெரிது, தோலும் போதவில்லை என்றால், மார்பு மடிப்புக்குக் கீழேயோ முதுகிலோ உள்ள தோல், கொழுப்பை அதன் ரத்தக்குழாயோடு திருப்பிவைப்பதுதான் வழி. அந்த இடத்திலும் ஒரு தழும்பு விழும்.

கேள்வி: என் அக்காவுக்கு அடுத்த மாதம் இதேபோல் புற்றுக்கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷன். அவருக்கும் இப்படி ஆகாமல் தடுக்க முடியுமா?

பதில்: முடியும். வடிவத்தைச் சரிசெய்யக் கதிர்வீச்சுக்கு முன்புதான் நல்ல நேரம். மார்பின் அளவில் 20 சதவீதத்துக்குள் எடுத்தால், பக்கத்துச் சதையை நகர்த்தித் தைத்தாலே போதும். 20 முதல் 50 சதவீதம் என்றால், மார்பைச் சிறிதாக்கும் ஆபரேஷன் முறையில் வெட்டி வடிவமைப்பார்கள். சமமாக இருக்க மறுபக்கத்தையும் குறைக்கலாம். கீழ்ப்பகுதிக் கட்டிக்கு இது அருமையாகப் பொருந்தும். மேல் உள்பக்கம்தான் சிக்கலான இடம்.

சர்ஜனிடம் இரண்டு கேளுங்கள். கட்டி இருந்த இடத்தைக் காட்ட டைட்டேனியம் கிளிப் வைப்பாரா? சதையை நகர்த்தியபின் கதிர்வீச்சுக் குழுவுக்கு அதுதான் அடையாளம். வெட்டிய ஓரத்தில் புற்று இருப்பதாக பயாப்ஸியில் வந்தால் என்ன செய்வார்? இதற்காகவே சிலர், வேறிடத்துச் சதையைத் திருப்பிவைக்கும் பெரிய ஆபரேஷனை ரிப்போர்ட் வரும்வரை தள்ளிவைப்பார்கள்.

அக்காவுக்குச் சர்க்கரை இருந்தால் இப்போதே கட்டுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். காயம் ஆறத் தாமதமானால் கதிர்வீச்சும் தள்ளிப்போகும்.