தைவான் எத்தனை நாள் தாங்கும்? – வாசகர் கடிதம்

வணக்கம் சார். சீனா நாடு முழுக்க அதிவேக ரயில் விட்டுவிட்டது. தைவானிலோ எம்.பி.க்கள் சபைக்குள்ளேயே அடித்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் இப்படியொரு வல்லரசை வைத்துக்கொண்டு அந்தக் குட்டி ஜனநாயகம் எத்தனை நாள் தாங்கும்? எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை போய்விட்டது. போன தேர்தலில் ஓட்டுப் போடக்கூட ஊருக்குப் போகவில்லை. அலுப்பாக இருந்தது.
– ஆர்., பெங்களூர்

அன்புள்ள தம்பி,

ரயிலை விடுங்கள். ஜப்பானில் 1964-லேயே ஓடியது. தைவானில் 2007 முதல் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இரண்டும் தேர்தல் நடக்கிற நாடுகள்தான். சபையில் கைகலப்பு அசிங்கம், சரி. அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கடைசி மூன்று வரிகள். கொஞ்ச காலமாகவே தைவானில் ஓட்டு எண்ணும் முறையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். மாலை நான்கு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் அதே பள்ளிக்கூட அறையில் எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒருவர் சீட்டைப் பிரித்து, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, யாருக்கு விழுந்தது என்று உரக்கச் சொல்கிறார். இன்னொருவர் சுவரில் ஒட்டிய தாளில் கோடு போடுகிறார். ஐந்து கோடு சேர்ந்தால் ஒரு சீன எழுத்து, அதாவது ஐந்து ஓட்டு. தெருவில் போகிறவர்கூட உள்ளே வந்து நின்று பார்க்கலாம். 2024 ஜனவரி அதிபர் தேர்தலில், எண்ணிக்கையில் மோசடி என்று வீடியோக்கள் பரவின. ஆனால் கண்ணால் பார்த்தவர்கள் ஊர் ஊருக்கு இருந்தார்களே!

இது சும்மா கிடைத்ததில்லை. 1949 முதல் 1987 வரை அங்கே ராணுவச் சட்டம். 1979-ல் காவ்சியுங் நகரில் மனித உரிமை நாளன்று கூட்டம் நடத்தியவர்களை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அதில் சிறை சென்ற ஆனெட் லூ 2000-ல் துணை அதிபரானார். அந்த வழக்கில் வாதாடிய வக்கீல்களில் ஒருவரான சென் சுய்-பியான் அதிபரானார். நடுவே 1996-ல் முதல் நேரடி அதிபர் தேர்தல் வந்தபோது, சீனா கீலுங், காவ்சியுங் துறைமுகங்களுக்கு அருகே கடலில் ஏவுகணை வீசிப் பயமுறுத்தியது. 76 சதவீதம் பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள்.

சீனாவின் கையில் இருக்கிற ஹாங்காங்கைப் பாருங்கள். அங்கே வாக்குச்சாவடியை யாரும் மூடவில்லை. ஆனால் யார் நிற்கலாம் என்பதை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. மாவட்ட மன்றத் தேர்தலுக்கு 2019-ல் 71 சதவீதம் பேர் வந்தார்கள். 2023-ல் வந்தது 27 சதவீதம் சொச்சம். அவர்களுடைய அலுப்புக்கு நியாயம் இருக்கிறது, தம்பி. பிடித்தவரை நிறுத்த முடியாதவர்கள் அவர்கள். உங்களுக்கு என்ன குறை? யாரும் தடுக்காமலே நீங்களாக வீட்டில் உட்கார்ந்துகொண்டீர்கள். ‘எல்லாம் ஒன்றுதான், எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று உங்களைப் போன்ற படித்த பிள்ளை சொன்னால், எந்த சர்வாதிகாரிக்கும் ஏவுகணைச் செலவு மிச்சம்.

தைவானில் தபால் ஓட்டு கிடையாது. தலைநகர் தைபேயில் வேலை பார்க்கிறவர்கள் பதிவு உள்ள சொந்த ஊருக்கே போய்த்தான் ஓட்டுப் போட வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாக ரயிலேறிப் போகிறார்கள். பெங்களூரிலிருந்து உங்கள் ஊர் ஒரு ராத்திரிப் பயணம். அடுத்த தேர்தலுக்குப் போய்வந்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அம்மாவையும் பார்த்த மாதிரி இருக்கும்.

அன்புடன்.